கலையரசனின் மலை டயர்

கலையரசன் என் வாழைத்தார்களைத் தன் பிக்கப் வண்டியில் ஏற்றத் தொடங்கிப் பதினாறு வருடம் ஆகிறது. ஜீயபுரத்தில் என் தோட்டத்து வாசலிலிருந்து திருச்சி காந்தி மார்க்கெட் வரை நல்ல ரோடு. அதில் மேடு என்று ஒன்று இருந்தால் அது வேகத்தடை. பள்ளம் என்று ஒன்று இருந்தால் அது குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூட மறந்தது. இந்த ரோட்டில் தினம் ஒருமுறை போய்வருவதற்காகத்தான் அவன் வண்டிக்கு மலையேறும் டயர் மாட்டினான். இதைச் சொல்லும்போது எனக்கு நடுநடுவே கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாழை போட்டவனுக்கு அது தொழில் வியாதி.

ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு எடமலைப்பட்டி புதூரில். வயது நாற்பத்து மூன்று. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், அவனைக் கேட்டால் ஐந்தடி நாலு. பீடி, குடி எதுவும் கிடையாது. ஒரு நாள்கூட ஏலத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. என் லோடை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. மற்றதெல்லாம் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அவ்வப்போது வாழையிலைக் கட்டு கொண்டுபோவது போன்ற சில்லறை வேலை. மலை என்று அவன் வாழ்க்கையில் ஏறியது ஒரே ஒரு தடவை. மனைவி ஜோதியின் தோழி கல்யாணத்துக்குப் பஸ்ஸில் பச்சைமலைக்குப் போனான். மூன்றாவது வளைவிலேயே வாந்தி. கல்யாணச் சாப்பாட்டை மோரோடு முடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே இறங்கி வந்தான்.

அப்படிப்பட்டவனைக் கெடுத்தது செல்போன். மார்க்கெட்டில் வண்டி நிற்கும் நேரத்தில் அவன் வீடியோ பார்ப்பான். யாரோ ஒருவன் எங்கோ ஒரு சேற்றில் வண்டியை விடுவான், சக்கரம் அச்சு வரை புதையும், பிறகு சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வண்டி மேலே வரும். இதை ஒரு தடவை பார்த்தால் போதாதா? நூறு தடவை பார்த்தான். ஜோதி கிரைண்டருக்காகக் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்த வாரத்தில் அவனுக்கு ஞானம் பிறந்தது.

மதுரை ரோட்டில் நசுருதீன் பாய் டயர் கடை. டிராக்டர் டியூபுக்கு ஒட்டுப் போட நானும் அன்று அங்கே இருந்தேன். பாய் நேர்மையானவர், விற்கிற பொருளைப் பற்றி உண்மை சொல்லிக் கெட்டவர்.

"அண்ணே, இது காட்டுலயும் மலையிலயும் ஓட்டுற டயரு. நீங்க எங்க ஓட்டப் போறீங்க?" என்று கேட்டார்.

"ஜீயபுரம்."

"ஜீயபுரத்துல ஏதுண்ணே மலை?"

"மலை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும் பாய்?" என்றான் கலையரசன்.

பாய் என்னைப் பார்த்தார். நான் டியூபைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஸ்டீயரிங் கனக்கும், டீசல் கூடக் குடிக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. காட்டும்போது பழைய டயரையே மாட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும் என்று எல்லாம் சொன்னார். கலையரசன் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலத் தலையாட்டிக்கொண்டே டயரைத் தடவிக்கொண்டிருந்தான். மாட்டியதும் வண்டியைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அதற்காக ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்து பாடியைத் தூக்கினார்கள். எல்லாம் முடிந்தபோது வண்டி நாலு அங்குலம் உயர்ந்திருந்தது.

பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் பூஜை, ஜோதியும் வந்திருந்தாள். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்தது. மூன்று பழம் நசுங்கியது. நாலாவது பழம் டயரின் பட்டைகளுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் சக்கரத்தோடு மேலே வந்தது. ஜோதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரிக்கு இப்படி ஒரு நிலைமை சர்வீஸில் வந்ததில்லை. வேறு பழம் வைத்தார், அதுவும் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்தது. கடைசியில் இன்னொரு பழத்தைத் தன் காலாலேயே மிதித்து நசுக்கிவிட்டு, "போயிட்டு வாங்க, ஒண்ணும் ஆகாது" என்றார்.

"வண்டிக்கு ஹை ஹீல்ஸ் போட்டாச்சு. இனி புருஷனுக்கும் ஒரு ஜோடி வாங்கிட்டா சரியாப்போயிரும்" என்றாள் ஜோதி. கிரைண்டர் போன வயிற்றெரிச்சல் அவளுக்கு.

அன்றைக்கே ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்துக்கு இலைக்கட்டு கொண்டுபோனான். உத்தர வீதியை வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றினான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மண்டபத்துச் சமையல் சுவாமி, இலைக்கட்டை எடுக்க வந்தவர், வண்டியை அண்ணாந்து பார்த்து, "என்னப்பா இது, பெருமாள் தேர்ல எழுந்தருள்றாப்ல படி போட்டுன்னா ஏறணும் போலிருக்கு!" என்றாராம். கலையரசன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு என்னிடம் நாலு தடவை சொன்னான்.

மறுநாள் காலை என் தோட்டத்தில்தான் கதை திரும்பியது.

என் தோட்டத்தில் தார் ஏற்றுவது வீரம்மாளும் அவளோடு வரும் மூன்று பெண்களும். வெட்டிய தாரைச் சும்மாட்டில் வைத்துச் சுமந்து வந்து, வண்டியின் மேல் கையை உயர்த்தி வைக்க வேண்டும். ஒரு லோடுக்கு நூற்றுப்பத்து பூவன் தார். வீரம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், உயரத்தில் கலையரசனுக்கும் கீழே. வண்டி வந்து நின்றதும் அவள் பின்பலகையைத் தன் மார்போடு அளந்து பார்த்தாள். நேற்றுவரை மார்புக்கு இருந்தது, இன்று கழுத்துக்கு வந்திருந்தது. சும்மாட்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, என்னாச்சு?" என்றான் கலையரசன்.

"தம்பி, ஒனக்கு நாலு இஞ்சு ஒரு தடவதான் ஏறிச்சு. எனக்கு நூத்திப்பத்து தடவ ஏறணும்."

"டயரப் பாருங்கக்கா, எப்படி இருக்கு!"

"நல்லாத்தான் இருக்கு. அதையே ஏத்திட்டுப் போ."

நான் கத்தினேன். ஏலத்துக்கு நேரமாகிறது, வெட்டிய தார் வெயிலில் கிடக்கிறது. "இன்னும் அரை மணி நேரத்துல லோடு ஏறலேன்னா பிச்சமுத்துவக் கூப்பிட்டுருவேன். அப்பறம் நீ இந்தத் தோட்டத்துப் பக்கமே வர வேண்டாம்" என்றேன். பிச்சமுத்து பக்கத்து ஊர்க்காரன், பழைய தாழ்வான வண்டி வைத்திருக்கிறான், என் லோடுக்காக ரெண்டு வருடமாகக் காத்திருக்கிறான். கலையரசன் முகம் செத்துப்போயிற்று. டயரைக் கழற்றவும் மனமில்லை, லோடை விடவும் வழியில்லை. கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தான். பிறகு என் மோட்டார் கொட்டகைக்குள் போய் மண்வெட்டியை எடுத்து வந்தான்.

பின்சக்கரம் ரெண்டுக்கும் ரெண்டு குழி. வெட்டி முடித்து, வியர்வை சொட்ட வண்டியை ரிவர்ஸ் எடுத்து, சக்கரத்தைக் குழிக்குள் இறக்கினான். பின்பலகை பழையபடி வீரம்மாளின் மார்புக்கு வந்தது. அவள் எழுந்து சும்மாட்டைக் கட்டினாள்.

எந்தச் சேற்றுப் பள்ளத்திலும் மாட்டாத டயர் என்று வாங்கியவன், தினம் காலையில் அந்த டயரைத் தன் கையாலேயே பள்ளம் வெட்டி இறக்கினான். இதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. டீக்கடையில் சொன்னேன், உரக்கடையில் சொன்னேன், கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். சிலர் ஜீயபுரம் வரை நேரில் வந்தே பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் குழி அதே ஆழத்தில் நிற்கவில்லை. "இன்னும் ஒரு சாண் வெட்டு தம்பி" என்றாள் வீரம்மாள் இரண்டாம் நாள். வெட்டினான். அடுத்த வாரம் இன்னொரு சாண். மூன்று வாரத்தில் ஒன்றரை அடி ஆயிற்று. வண்டி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் குந்தியபடி நின்றது. லோடு ஏறியதும் கலையரசன் கியரைப் போட்டு, அந்தப் பெரிய டயர் மண்ணைக் கவ்வ, உறுமிக்கொண்டு மேலே ஏறுவான். ஏறும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். வீடியோவில் வருகிறவன் தோற்றுப்போவான்.

ஒரு சாயங்காலம் மோட்டார் போடப் போன நான் அந்தக் குழியில் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டேன். இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அங்கேயே, ஒற்றைக் காலில் நின்றபடி, பிச்சமுத்துவுக்குப் போன் போட்டு நாளை வரச் சொன்னேன். கலையரசனுக்கும் போட்டு வர வேண்டாம் என்றேன். ஜோதி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயா, டயரக் கழட்டச் சொல்லி நான் சொல்றேன்யா. லோட மட்டும் நிறுத்திராதீங்க" என்றாள். நான் முடியாது என்று வைத்துவிட்டேன்.

இரவு மழை. காலையில் பிச்சமுத்து வண்டியோடு வந்தான், வெறும் தரையில் நிறுத்தினான். கலையரசனும் வந்திருந்தான். சொன்னபடி உள்ளே வராமல் ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தான். வீரம்மாள் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"இப்ப என்ன? இது பழைய வண்டிதானே, தாழத்தானே இருக்கு?" என்றேன்.

"குழியில எறக்கச் சொல்லுங்கய்யா."

"இவனுக்குக் குழி எதுக்கு?"

"அவனுக்கு இல்லீங்க, எங்களுக்கு."

பிச்சமுத்து நல்ல பிள்ளையாக வண்டியைக் குழியில் இறக்கினான். நூற்றுப்பத்து தாரும் ஏறியது. கியரைப் போட்டான். அவனுடைய வழுக்கை டயர் நின்ற இடத்திலேயே சுற்றியது. சேறு எழும்பி என் வேட்டியில் விழுந்தது. மூன்று தடவை முயன்றான், ஒவ்வொரு தடவையும் வண்டி இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது. அப்போது கலையரசன் ரோட்டிலிருந்து வண்டியை உள்ளே கொண்டுவந்தான். கயிற்றைக் கட்டி, ஒரே இழுப்பில் பிச்சமுத்துவை வெளியே எடுத்தான்.

பிச்சமுத்து இறங்கி வந்து, "அண்ணே, இன்னிக்குக் கொண்டுபோய்க் குடுத்துடறேன். நாளைலேர்ந்து நம்மால ஆகாதுங்க. இந்தத் தோட்டத்துக்கு அவரு டயருதான் சரி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திருச்சி ஜில்லாவில் அந்த டயருக்கு வேலை இருந்த ஒரே பள்ளம், அதை மாட்டியவனே வெட்டிய பள்ளம். இதையும் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். எரிச்சலில் வீரம்மாளைக் கேட்டேன்: "ஏத்துன நாலு இஞ்ச எறக்கியாச்சுல்ல? அப்பறம் எதுக்கு ஒன்றரை அடி? அப்படி என்ன இருக்கு அந்தக் குழியில?"

அவள் சும்மாட்டுத் துணியை உதறினாள். "இத்தன வருசமா தாரத் தூக்கி வெச்சேன்யா. இப்பதான் எறக்கி வெக்கிறேன்" என்றாள். பிறகு ரெண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், அவிழ்ந்திருந்த கொண்டையை முடிந்துகொண்டே, "ரெண்டு வருசமா இந்தக் கை பின்னால போகாது. தலைய எம்மகதான் பின்னி விடும். இப்ப பாருங்க" என்றாள். பார்த்தேன். கொண்டை கோணலாகத்தான் இருந்தது. அவளுக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது.

வீரம்மாள் என் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகத் தார் சுமக்கிறாள். அந்தக் கை வலிக்கிறது என்று என்னிடம் சொல்லியும் இருக்கிறாள், நான் தைலம் பேர் சொல்லியிருக்கிறேன். மண்வெட்டி அப்போதும் கொட்டகையில்தான் இருந்தது. மண்ணும் என்னுடையதுதான். டயருக்கு ஆசைப்பட்ட ஒரு பைத்தியக்காரன் வந்து வெட்டும்வரை எனக்குத் தோன்றவில்லை. ஊரெல்லாம் போய்ச் சிரிக்க மட்டும் தோன்றியது. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் கலையரசன் வருவதற்கு முன்னால், மழையில் சரிந்துபோன குழியை நானே மண்வெட்டி எடுத்துச் சரிசெய்யத் தொடங்கினேன். சுளுக்கிய கால் வேறு. வண்டி வந்து நின்றது. கலையரசன் அவ்வளவு உயரத்திலிருந்து எட்டிக் கீழே பார்த்தான்.

"பத்தாதுண்ணே, இன்னும் கொஞ்சம் ஆழமா வெட்டுங்க. அக்காவுக்குக் கை எட்டாது" என்றான்.

திட்டிக்கொண்டே வெட்டினேன்.