அக்காளின் பாட்டுக்கு யார் சம்மதிப்பது

சமவெளி ஊரான கொல்லயிலில் குடியேறிய நாள் முதல் எனக்குப் பழகாத வழக்கம் ஒன்று உண்டு. இங்கே முகமில்லாத ஒன்று சம்மதம் கேட்கிறது. மனிதர்கள் எழுதியிருப்பதை வாசியாமலேயே அதைக் கொடுத்துவிடுகிறார்கள். என் மகள் லதா அரிசி வரவழைக்கும்போது கைபேசியில் ‘சம்மதம்’ என்ற இடத்தைத் தொடும் வேகத்தில், காணிக்காரப் பழங்குடியாகிய எங்கள் மலையில் ஒரு பாக்கைக்கூட வெட்ட முடியாது. அங்கே அயலார் தேனெடுக்கவோ மருந்து வேர் காட்டவோ கேட்டால், எங்கள் ஊர்த்தலைவராகிய மூட்டுக்காணியின் முன் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். ஊர் கூடிப் பேசும். பதில் வருவதற்குள் சில வேளை வெற்றிலை வாடிவிடும். மலையிறங்கிப் பிழைக்க வந்த காணிக்காரர்களே, நீங்கள் இதை மறந்திருக்க மாட்டீர்கள்.

சென்ற மழைக்காலத்தில் நெய்யாற்றின்கரையிலிருந்து அனிதா என்ற பெண் வந்தாள். கணினிக்கு மனிதப் பேச்சைக் கற்பிக்கும் குழுவில் அவளுக்கு வேலை. மருத்துவமனையில் எங்கள் மக்கள் தங்கள் பேச்சிலேயே நோயைச் சொல்ல அது உதவுமாம். நல்ல நோக்கம், நல்ல பெண். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஆய்வாளர் பதிவு செய்த குரல் ஒன்றை அவள் ஒலிக்கவிட்டாள். மறைந்துபோன என் அக்காள் பாடினாள்.

காய்ச்சல்காரரின் தலைமாட்டில் அமர்ந்து மலைத்தெய்வங்களை ஒவ்வொன்றாய் அழைக்கும் பாட்டு அது. சிறுவயதில் என்னையும் அப்படிப் பாடித்தான் அவள் தேற்றினாள். அழைத்த தெய்வங்களை விடியலில் திருப்பியனுப்பும் பாட்டும் உண்டு. அதைப் பாடி முடிக்கும்வரை அவள் தண்ணீரும் குடிக்கமாட்டாள். பதிவோ, அழைப்போடு நின்றுபோயிருந்தது.

“மாமா தானே கூடப்பொறந்த ஆளு? நீங்க சரின்னா போதும். உங்க அக்காக்க குரல்லயே இது பேசும்,” என்றாள் அனிதா.

“பாட்டு அவளுக்க இல்ல மக்கா. ஊருக்க ஆக்கும்.”

“ஊருக்கு மெயில் உண்டா?”

“வெற்றிலை வைக்கணும்.”

“அதுக்கு எவ்வளவு ஆகும் மாமா?”

லதா சிரித்துவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், “சரின்னு சொல்லுங்கப்பா. அத்தைக்க சத்தம் நம்ம கூட இருக்கும்லா,” என்றாள். எனக்கும் அதுவே ஆசை. அந்த ஆசைக்கு அஞ்சியே, மலைக்குப் போவோம் என்றேன்.

காட்டாக்கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு மூவரும் ஏறினோம். கேட்க வந்தவர்களுக்கென விரிக்கும் பாயில் அனிதாவின் அருகே நானும் அமர வேண்டியதாயிற்று. பிறந்த ஊரில் அந்தப் பாயில் நான் அமர்ந்தது அதுவே முதல் முறை. மூட்டுக்காணி என் இளமைத் தோழர்.

“எலே, நீ எப்போலேருந்து விருந்துக்காரன் ஆன?” என்றார். பிறகு அனிதாவிடம், “நாளைக்கு நாங்க வேண்டாம்னா, உங்க மெஷின் இதைத் திருப்பித் தருமா?” என்று கேட்டார்.

அவள் பொய் சொல்லவில்லை. “கத்துக்கிட்டதை மறக்க வைக்க கஷ்டமாக்கும்.”

ஊர் நெடுநேரம் பேசியது. நோய்களின் பெயர்களையும் அன்றாடப் பேச்சையும் கொடுக்கலாம்; அவை எங்கே பயன்படுகின்றன என்று ஆண்டுதோறும் வந்து சொல்ல வேண்டும்; பாட்டு கூடாது. பதிவு ஊரின் காவலில் இருக்கும். லதா என் கைபேசியில் ஏற்றியிருந்த பிரதியும் போக வேண்டும்.

“கேக்கணும்னு தோணினா இங்க வா,” என்றார் மூட்டுக்காணி.

அழிப்பதற்கு முன் ஒருமுறை ஒலிக்கவிட்டோம். அக்காள் அழைத்தாள், நின்றாள். அந்த அமைதியில் ஒரு பெண் திருப்பியனுப்பும் பாட்டை எடுத்தாள். ஊர் தொடர்ந்தது. கேட்க வந்தவரின் பாயில் இருந்தபடியே நானும் பாடினேன். முடிந்ததும் அனிதா எனக்குத் தண்ணீர் நீட்டினாள்.

பேச்சு முடிந்தால் வெற்றிலையில் பாதி ஊருக்கு, பாதி கேட்டவருக்கு. மூட்டுக்காணி அந்தப் பாதியிலிருந்து ஒன்றும் இந்தப் பாதியிலிருந்து ஒன்றும் எடுத்து என் கையில் வைத்தார். கொல்லயிலுக்குத் திரும்பும் பேருந்தில் என் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். அக்காள் இல்லாத கைபேசியை ஒட்டி இரண்டு வெற்றிலைகளும் இருந்தன. எது எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை.