தவளை எண்ணிய மிடறுகள்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை 5.50. மழை இல்லாத இருபத்தாறாவது நாள். அந்த நேரத்திலேயே சோளகக் காற்று புழுதி கிளப்பியது. ஸ்கந்தபுரத்தில் எங்கள் வாய்க்கால் கட்டின் மேல் நான்காவது தடவையாக என் கதையை வாசிக்க உட்கார்ந்தேன்.

கேட்பவர் ஒருவர்தான்: பக்கத்து வயல்காரி. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கோடை விதைப்பான சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் முறைப்படிதான் வரும். அன்று 6.20 வரை அவருடைய முறை, 8.00 வரை என்னுடையது. 6.20க்கு எழுந்து மடையை என் வயல் பக்கம் மாற்ற வேண்டியவன் நான்.

ஞாயிறன்று வாசிகசாலையில் அந்தக் கதையை வாசிக்க ஒப்புக்கொண்டிருந்தேன். சென்ற முறை அங்கே வேறொரு கதை வாசித்தபோது முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள்; ஒருவரும் சிரிக்கவில்லை, நால்வர் தூங்கினார்கள். இந்த முறை ஏழு சிரிப்பு, ஒன்றும் குறையக் கூடாது என்று முடிவெடுத்தேன். ஒரு குளத்தைக் காவல் காக்கும் பூதமும் தவளையும்தான் கதை. முதல் மூன்று பிரதிகளையும் அவர் முகம் அசையாமல் கேட்டார்.

"ரெண்டு பேரும் சம்பந்தி வீட்டாளுக மாதிரி மரியாதையா பேசிக்கிறாங்களேங்கய்யா. மடையில நாம பேசுறத எழுதுங்க" என்றார் மூன்றாம் முறை.

மடையில் நாங்கள் பேசுவது சண்டை. நான் கைக்கடிகாரம் பார்ப்பேன். அவர் கடைசி வரம்பு நனைந்ததா என்று பார்ப்பார். "உங்க கடிகாரத்துக்குத் தாகம் எடுக்குமாங்கய்யா?" என்பார்.

அதையே எழுதினேன். பூதத்துக்கு ஒரு நாளைக்கு நூறு மிடறு தண்ணீர். எண்ணுவது தவளை. ஐம்பதைத் தாண்டியதும் பூதம், "அண்ணை, உங்கட கால் வீங்கினமாதிரிக் கிடக்கு" என்னும். தவளை திடுக்கிட்டுக் காலைப் பார்க்கும், எண்ணிக்கை விட்டுப்போகும். "எல்லாம் உன்னாலதான்! ஒண்டிலயிருந்து தொடங்கடா!" என்று கத்தும். பூதம் பணிவாக ஒன்றிலிருந்து குடிக்கும்.

கால் வீங்கிய இடத்தில் முதல் சிரிப்பு. 6.15க்குள் மூன்று.

6.20க்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். எழுந்து போனால் சிரிப்பு அறுந்துவிடும். கதையின் முடிவு தேறுமா என்பது ஞாயிறு வரை தெரியாது. உட்கார்ந்தே வாசித்தேன். அவருடைய வயலுக்குள் தண்ணீர் சலசலப்பது நன்றாகக் கேட்டது. 6.40க்கு ஐந்து.

முடிவில் குளம் வற்றிவிடுகிறது. சேற்றில் நின்று தவளை, "தொண்ணூற்றெட்டு! இன்னும் ரெண்டு மிடறு கிடக்கு, குடி" என்கிறது.

"எங்கயிருந்து அண்ணை?"

"அது என்ர வேலையில்லை. நான் எண்ணுறவன்."

அவர் வரம்புப் புல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆறு. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார். ஏழு. மணி 7.01.

"உண்மையாச் சிரிச்சனீரோ பிள்ளை, இல்லாட்டித் தண்ணிக்காகச் சிரிச்சனீரோ?"

"ரெண்டுக்குந்தாங்கய்யா. தவளை யாருன்னு இப்பத்தான் விளங்குது."

மண்வெட்டியை எடுத்து மடையை மாற்றினேன். எட்டு மணிக்கு அடுத்த முறைக்காரர் வந்து மறித்தபோது, என் மூலை வயல் இரண்டும் நனையவில்லை. ஞாயிறன்று ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசிப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கதைக்கு ஆன செலவு: கொப்பி இரண்டு, பேனை ஒன்று, தண்ணீர் நாற்பத்தொரு நிமிடம்.