அமீனாவின் அக்கா கொடுத்த வாய்தா

தம்பி கோர்ட்டில் அமீனா. ஜப்தி செய்யவும், தீர்ப்பான வீட்டைக் காலி செய்ய வைக்கவும் கோர்ட்டு அனுப்பும் ஆள். அவன் தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். "எமன்கூட எருமையில மெதுவாத்தான் வருவான், இவன் சைக்கிள்ல வந்து நிப்பான்" என்பார் எதிர்க்கடைக்காரர்.

அக்காவுக்கு அதெல்லாம் உறைக்காது. அப்பா போனபின் படிப்பை விட்டு, ஊராருக்குத் துணி தேய்த்து அவனை ஆளாக்கியவள். சாப்பிடும்போது அவன் பழைய கோர்ட்டுச் சொற்களுக்கு அர்த்தம் சொல்லுவான். அவள் ஒன்றையும் மறக்கமாட்டாள். அமீன் என்றால் அரபியில் நம்பிக்கைக்குரியவன். பாரசீக மொழியில் அரசாங்கம் நடந்த காலத்தில், தகராறு நிலத்தை அளக்கப் போன அதிகாரிக்கு அந்தப் பெயர். ஜப்தி என்றால் பிடித்துக் கட்டுக்குள் வைப்பது. வாய்தா என்றால் வாக்கு. இன்ன நாளில் வருகிறேன், தருகிறேன் என்கிற வாக்கு. வழக்கைத் தள்ளிவைக்கும் தேதிக்கு அந்தப் பெயர் வந்தது பிறகுதான்.

"அப்ப கோர்ட்ல அத்தனை பேரும் வாக்கு வாங்கத்தான் அலையறாங்களாடா?"

"ஆமாக்கா. அதுல பாதி காத்தோட போயிடும்."

தெருவெல்லாம் அவள் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பின்தெருத் தையல்காரர் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி, வீட்டுக்காரம்மா போட்ட வழக்கில் தீர்ப்பாகியிருந்தது. அவர் மனைவி வந்து தேய்ப்பு மேசை முன்னால் நின்றாள். மகளுக்கு நிறைமாதம்.

"அக்கா, பிரசவம் ஆகிற வரைக்கும் ஒரு வாய்தா வாங்கிக் குடுங்க. நீங்க கிழிச்ச கோட்டை உங்க தம்பி தாண்டமாட்டாரு."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. "அழாதே. வாய்தா நான் தரேன், போ."

அவள் சொன்னது பழைய அர்த்தத்தில்: தம்பியிடம் பேசுகிறேன் என்ற வாக்கு. தையல்காரர் வீட்டில் கேட்டுக்கொண்டது புது அர்த்தத்தில்: கோர்ட்டே தேதியைத் தள்ளிவிட்டது. வேறு வீடு தேடி அலைவதை அன்றே நிறுத்திவிட்டார்கள்.

அக்கா தம்பியிடம் கேட்கத்தான் செய்தாள். "கதவு பூட்டியிருந்ததுன்னு ஒரு வரி எழுதிட்டு வந்துடேன். எந்த அமீனா எழுதலே?"

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நம்பிக்கைக்குரியவன்னு ஊரெல்லாம் சொன்னது நீதானேக்கா? வீட்டுக்காரம்மாவும் கோர்ட்டை நம்பித்தானே வருஷக்கணக்கா நடந்தாங்க? தேதி தள்ளறது ஜட்ஜ் வேலை. அவங்களை உடனே மனு போடச் சொல்லு."

முடியாது என்று போய்ச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

வாரண்டோடு தம்பி வந்து நின்றபோது தையல்காரர் சிரித்தபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க தம்பி. அதான் வாய்தா இருக்கே?"

"யார் குடுத்தது?"

"உங்க அக்காதான்."

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அக்கா வாசலில் மூச்சிரைக்க நின்றாள். தம்பி அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் வாரண்டைப் படிக்கத் தொடங்கினான்.

பாத்திரங்கள் வெளியே வந்தன. தையல் மிஷினைத் தூக்கத் தம்பி கை கொடுத்தான்; தையல்காரர் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். மகள் சுவரோரம் துணி மூட்டைமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவள் தோளைத் தொட்டாள்.

"எங்க வீட்டுக்கு வாம்மா."

தையல்காரர் மனைவி நடுவில் வந்து நின்றாள். "வேண்டாம்க்கா. நீங்க குடுத்ததே போதும்."

தம்பி கதவைச் சாத்திப் பூட்டினான். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனைவரை போய், எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நின்றது.