ஐஸுக்கு மேல் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி

புதிதாக வந்த வெள்ளைக் குளிர்ப்பெட்டியின் கதவில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கிறார் இரத்தினேஸ்வரி அக்கா. திரையில் மைனஸ் இருபது என்று பச்சையாக மின்னுகிறது. அவர் அதைப் பார்ப்பதே இல்லை. "திரை என்னவும் சொல்லும்" என்கிறார்.

திருகோணமலைத் துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள தடுப்பூசிக் களஞ்சியத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவர்தான் பொறுப்பு. யார் தேநீர் கொடுத்தாலும் மணந்து பார்த்துத்தான் குடிப்பார். கலியாண அழைப்பிதழ் வந்தால், உறையில் தன் பெயர்தானா என்று இரண்டு தரம் வாசிப்பார். பேனை மட்டும் வைத்திருப்பதில்லை. "பேனை கையில இருந்தா, அவசரப்படுத்திக் கையெழுத்து வாங்கிப்போடுவினம்."

காரணம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு வந்த நீண்ட மின்வெட்டில் பழைய குளிர்ப்பெட்டி சூடேறி, குழந்தைகளின் தடுப்பூசி முழுவதும் பழுதானது. மூதூரில் கைக்குழந்தைகளோடு காத்திருந்த தாய்மாரிடம் ஊசி இல்லை என்று சொல்லப் போனவர் இவர்தான். விசாரணையில், பொறுப்பு யாருடையது என்பதற்குக் காட்டப்பட்டதும் பதிவேட்டில் இருந்த இவருடைய கையெழுத்துத்தான். அன்றிலிருந்து வருடம் தவறாமல் ஜெனரேற்றர் கேட்டுக் கடிதம் எழுதுகிறார்.

வந்ததோ இந்தப் பெட்டி. அடுத்த பெருந்தொற்றுக்கு ஆயத்தமாவதற்கென்று பல நாடுகள் சேர்ந்து போட்ட நிதியில் வாங்கியது. பக்கத்தில் நாலு கொடி ஒட்டியிருக்கிறது. கூடவே ஒரு படிவம்: 'நாட்டின் கோரிக்கைக்கு அமையப் பெறப்பட்டது. தேவை பூர்த்தியானது.' அதில் கையெழுத்திட்டால் ஜெனரேற்றர் கதை அத்தோடு முடிந்தது. இடாவிட்டால் பெட்டி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

திட்ட இணைப்பாளர் அன்ஸார் அந்தக் கையெழுத்துக்காக மூன்று தரம் வந்து போனார்.

"அக்கா, நாடு கேட்டு வந்த சாமான். நீங்க ஏன் பொலிஸ் மாதிரி நிக்கிறீங்க?"

"ஆர் தம்பி அந்த நாடு? நான் கேட்டது ஜெனரேற்றர்."

"கொழும்பில ஆரோ கேட்டிருப்பாங்க."

"அப்ப கொழும்பில கரண்ட் போறேல்லயாக்கும்."

"கரண்ட் போனாலும் ரெண்டு நாள் தாங்கும் எண்டு எழுதியிருக்கு அக்கா."

"எழுதினவர் திருகோணமலை வெயிலைப் பாத்தவரோ?"

வெள்ளிக்கிழமை கந்தோர் பூட்டமுன் அவர் ஒரு வேலை செய்தார். பிளாஸ்ரிக் கோப்பையில் காலையிலேயே உறைய வைத்திருந்த ஐஸின் மேல் ஐந்து ரூபாய் நாணயக் குற்றி ஒன்றை வைத்து, கோப்பையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். இடையில் ஐஸ் உருகினால் குற்றி அடிக்குப் போய்விடும். தண்ணீர் மறுபடி உறைந்தாலும் மேலே வராது. பெட்டியைப் பூட்டித் திறப்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கப்பல்துறை பஸ்ஸில் ஏறினார்.

திங்கள் காலை நிதி கொடுத்தவர்களின் குழு வந்தது. உயரமான வெள்ளைக்கார அம்மா ஒருவர், கொழும்பு அதிகாரிகள் இருவர், கமரா. திரையில் அதே மைனஸ் இருபது. எல்லோரும் தலையாட்டினார்கள். அன்ஸார் படிவத்தை மேசையில் விரித்து, தன் சட்டைப் பையிலிருந்த பேனையை நீட்டினார்.

அக்கா பேனையை வாங்கினார். கமராவைத் தூக்கினார்கள். அவர் பெட்டியைத் திறந்து கோப்பையை எடுத்து, படிவத்தில் கையெழுத்திடும் இடத்தின் மேல் வைத்தார். மேலே ஐஸ் வழவழவென்று இருந்தது. குற்றி கோப்பையின் அடியில் ஒட்டிக் கிடந்தது.

"சனி ஞாயிறு கரண்ட் போயிருக்கு" என்றார். "இந்தப் பெட்டி தாங்கேல்ல."

வெள்ளைக்கார அம்மா குனிந்து பார்த்துவிட்டு அன்ஸாரிடம் ஏதோ கேட்டார். அன்ஸார் கொழும்பு அதிகாரிகளைப் பார்த்தார். அவர்கள் திரையைப் பார்த்தார்கள்.

அக்கா பேனையை மூடி, அன்ஸாரின் சட்டைப் பையில் திரும்பச் செருகிவிட்டார்.