ரசிகன் எழுதிய சீட்டுகள்

அறுபதுகளில் சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரக் கல்யாணங்களில் ஓர் இசைக்குழு வாசிக்கும். அதன் கிட்டார்காரர் என்றால் எனக்கு உயிர். குழு கலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் இரண்டு நாள் சோறே இறங்கவில்லை. குழுவின் பாடகர் வேலை பார்த்த துணிக்கடைக்கே போய், "திரும்பச் சேர்ந்துடுங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

அவர் மேசைக்கடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே, விருந்தினர்கள் பாட்டுக் கேட்டு மேடைக்கு அனுப்பும் துண்டுச் சீட்டுகள்.

"படிச்சுப் பாரு தம்பி. எல்லாக் கல்யாணத்துலயும் ஒருத்தன் இதையே எழுதுறான். 'பாட்டை நிறுத்திட்டு கிட்டாரை மட்டும் வாசிங்க. இப்படிக்கு, ரசிகன்.' அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை லா?"

அத்தனையும் என் கையெழுத்து.

"ச்சே, மனுசனா அவன்!" என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் இரண்டு சட்டைத்துணி வாங்கினேன்.

இன்றும் கல்யாண வீட்டில் யாராவது பேனா கேட்டால், சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டு இல்லை என்றுதான் சொல்கிறேன்.