நீர்நாய்க் கணக்கும் சளி பிடித்த மூக்கும்

என் நாத்தனாருக்கு வேலை, நீர்நாய் எச்சம் பொறுக்குவது. பெண் பார்க்க வந்தவர்களிடம் "வனவிலங்குக் கணக்கெடுப்பு" என்று சொல்லிச் சமாளித்தோம். விவரம் தெரிந்தும் சம்மதித்த மாப்பிள்ளை மீன்கடைக்காரர். நாற்றம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நீர்நாய் லேசில் கண்ணில் படாது. பாறை மேலும் பாலத்தடியிலும் அது போட்டுவிட்டுப் போவதை எடுத்து, காயவைத்து, உள்ளே இருக்கும் செதிலையும் முள்ளையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எங்கே திரிகிறது, என்ன தின்கிறது என்று தெரிந்துவிடும். ஆனால் முதலில் முகர வேண்டும். அதற்கு மீன் வாடையோடு லேசான இனிப்பு வாசம் ஒன்று உண்டு. முப்பத்தைந்து வருடம் அந்த மூக்குதான் அவளுக்குச் சோறு போட்டது.

எங்கள் ஆற்றில் நீர்நாய் அற்றுப்போய்விட்டது என்று அலுவலகம் எழுதிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. திரும்பி வந்துவிட்டது என்று இவள் ஒருத்திதான் சாதித்தாள். நான்கு இடங்களில் எச்சம் கிடைத்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். மாதக் கடைசியில் அவளுக்குப் பணி ஓய்வு.

வெள்ளிக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அவள் மூக்கு முழுசாக அடைத்திருந்தது. ஆவி பிடிக்க வைத்தேன். மாடியில், ஈரம் இழுக்க மணல் பரப்பிய தட்டுகளில் எச்சங்கள் காய்ந்துகொண்டிருந்தன.

"அண்ணி, நாலும் வந்தாச்சு. வந்து பாருங்க."

முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருடம் பராமரிப்பு வேலை பார்த்தவள் நான். கழிவைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவோம். குனிந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன்.

"இது மட்டும் பூனையோடதாச்சே."

"உள்ள மீன் செதில் இருக்கு அண்ணி."

"மீன்கடை வாசல்ல வளர்ற பூனை வேற என்ன திங்கும்? பாலும் பழமுமா?"

படியேறி வந்த அவள் கணவர் சொன்னார்: "நேத்துகூட இங்க பாத்தேன் அதை. மணலைக் கொட்டி நீதானே அதுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்திருக்க."

"எடுத்த இடம் மதகடின்னு சீட்டு எழுதி வச்சிருக்கியே?" என்றேன்.

அவள் முகம் சுருங்கிப்போனது. "சீட்டு இல்லாம இருந்துச்சு. காய்ச்சலோட மதகுப் பக்கம் போனேன். அங்க எடுத்ததுதான்னு நெனச்சு நானே எழுதிட்டேன்."

சீட்டில்லாத சாம்பிளைக் குப்பையில் போடச் சொல்லி அலுவலகத்தில் எத்தனையோ பேரை அழவிட்டவள் அவள்.

"யாருக்குத் தெரியப்போகுது? விடேன்," என்றார் அவர். தங்கமான மனிதர், ஆனாலும் வியாபாரி.

"உங்க பூனைக்குத் தெரியும்," என்றாள் அவள்.

பதிவேட்டை எடுத்தாள். நான்காம் எண்ணை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "வீட்டுப் பூனை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அப்புறம் வெகுநேரம் மூக்கைச் சிந்தினாள். சளியா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல. உங்க மூக்கைக் கூட்டிட்டு வாங்க."

மூக்கோடு முழங்காலும் போக வேண்டியிருந்தது. மூன்று மணி நேரம் ஆற்றங்கரையில் நடந்தோம். பழைய பாலம் தாண்டி ஒரு மரத்தின் வேரில் சறுக்கினேன். விழவில்லை. ஆனால் வாசம் வந்தது.

"ஏய், இங்க வா."

"காலைத் தூக்காதீங்க." உட்கார்ந்து பார்த்தாள். "செருப்புல ஒட்டினது வேணாம். அது ஊரெல்லாம் சுத்தின செருப்பு. வேர்ல மிச்சம் இருக்கறது போதும்."

"அப்ப செருப்பை யாரு கழுவறது?"

"இருபத்தெட்டு வருஷம் அனுபவம் யாருக்கு இருக்கு?"

முதலில் சீட்டை எழுதினாள். பிறகுதான் எச்சத்தைத் தொட்டாள். நான்காம் எண் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்று இதற்கு ஐந்து என்று எண் போட்டாள்.

திங்கட்கிழமை மேலதிகாரி நான்காம் வரியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். பிறகு ஐந்தாம் பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து, ஆற்றில் நீர்நாய் உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாராம்.