சத்தம் இல்லாத டிவியில் தலைவர் தேர்தல்

எங்கள் இரும்பு மில் தொழிற்சங்க ஆபீசில் அன்று இருந்தவர்கள்: ஃபிட்டர் தனசேகர் — என் மச்சினன், தலைவர் பதவிக்கு நின்றவர். கிரேன் ஓட்டும் கோட்டையா — எங்களுக்கு நைனா. இப்போதைய தலைவர் அவர்தான், மறுபடியும் நின்றார். கேள்வி கேட்க ஸ்டோர்ஸ் சுலோச்சனா. லைட் பிடிக்க நான். கேமராவோடு கேபிள்காரர் பாபு. பாபுவுக்கு மட்டும் எங்கள் சங்கத்தில் ஓட்டு இல்லை.

ஐடியா பாபுவுடையது.

"அமெரிக்காவுல பிரசிடென்ட் எலெக்‌ஷன்னா ரெண்டு பேரும் டிவில நின்னு பேசிக்கிறாங்கோ. உங்களுதும் பிரசிடென்ட் எலெக்‌ஷன்தானே?"

யார் மறுப்பது?

போன தேர்தல் வரைக்கும் கேட்டில் நின்று ஒரு கும்பிடு, டீ, பன். முடிந்தது. இந்த முறை... தனசேகர் தலைக்கு டை அடித்தார். நைனா பவுடர் போட்டார். இருவர் சட்டையும் இஸ்திரிக்குப் போனது. எங்கள் கும்மிடிப்பூண்டியில் முதலில் ஜெயித்தவர் இஸ்திரிக்காரர்தான்.

தனசேகருக்கு ஒரே விஷயம் — பஸ். இரண்டாவது ஷிப்ட் முடிந்தால் பெண்கள் லாரிகளுக்கு நடுவே ஸ்டேஷன் வரை நடக்கிறார்கள். அவர் மனைவியும் அவர்களில் ஒருவர் — கான்ட்ராக்ட் ஆள், ஓட்டு கிடையாது. கம்பெனி பஸ் விட வேண்டும். அதைக் கேட்கத்தான் நின்றார்.

பேசினார் பாருங்கள்! விரலை நீட்டி, நரம்பு புடைக்க. சுலோச்சனா அடுத்த கேள்வியை மறந்து கண்ணைத் துடைத்தார். நைனா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டால் முகத்தை ஒற்றினார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

"ஜெயிச்சிட்டோம் மாமா" என்றார் தனசேகர். நானும் நம்பினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கேபிளில் ஒரே ஒரு தடவை போட்டார்கள். எல்லோரும் கேன்டீனில். கேன்டீனை ஒட்டியே ரோலிங் மில்லின் இரைச்சல். கேன்டீன் டிவி பேசி நாங்கள் கேட்டதே இல்லை. கிரிக்கெட்டே ஊமைப்படம்தான். பாபுவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"இன்னாபா, நைனாவ இந்தத் திட்டு திட்றான்?" என் காதில் வாயை வைத்துக் கத்தினார் ஒருவர்.

"பெரிய மன்சன். பொறுத்துக்கினு கீறாரு பாரு!" இது இன்னொருவர்.

"திட்டலபா, பஸ்ஸு கேக்குறான்!" என்று நானும் கத்தினேன். யார் காதில் விழும்?

ரேடியோவில் கேட்டவர்களுக்கு ஒருவர் ஜெயித்தார், டிவியில் பார்த்தவர்களுக்கு இன்னொருவர் ஜெயித்தார் என்று அமெரிக்காவில் ஒரு கதை உண்டாம். பாபு பிறகு சொன்னார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

நைனா ஜெயித்தார். மாலையைக் கழற்றிக்கொண்டே தனசேகரிடம் வந்தார்.

"மூஞ்சத் தூக்கி வெச்சிக்காதடா. என் ஓட்டு உன்குதான்."

"பேஜார் பண்ணாத நைனா."

"சத்தியமாடா. எதுர்ல குந்திக்கினு முழுசா கேட்டனே... நாயமாத்தான இருந்துச்சி? திங்கக்கெழம மேனேஜர் ரூமுக்குப் போலாம். நீ பேசு. நான் தலைய ஆட்றேன்."

மேனேஜர் ரூமில் ஏசி. கதவைச் சாத்தினால் மில் சத்தம் வராது.

தனசேகருக்கு விழுந்த ஓட்டு: நான்கு. அன்று சங்க ஆபீசில் இருந்தவர்கள், பாபு நீங்கலாக.